யார் உயரம், யார் தலைவர்: 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' ஒரே தொகுதிப் பதிப்பு

டோல்கீனின் மூன்று பாகங்களும் ஒரே அட்டைக்குள் வருகிற தடித்த பேப்பர்பேக் பற்றித்தான் எழுதுகிறேன். பின்னிணைப்பு, பெயரகராதி எல்லாம் சேர்த்து 1,100 பக்கங்களுக்கு மேல். கதை பெரும்பாலானவர்களுக்குத் தெரியும், படமும் பார்த்திருப்பீர்கள், அதனால் கதைச்சுருக்கம் வேண்டாம், ஒரு வரி போதும்: சௌரான் என்ற தீய அதிபதியின் மோதிரம், வைத்திருப்பவரையே கெடுக்கிற மோதிரம், அதை அழிக்க ஃப்ரோடோ என்ற ஹாபிட்டும் (ஹாபிட்டுகள் குட்டையான ஒரு இனம்) அவன் தோழர்களும் புறப்படுகிறார்கள். இந்த முறை ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு படித்தேன்: இந்தக் கதையில் யார் உயரம், யார் குட்டை, யார் சொன்னால் யார் கேட்கிறார்கள். ஃபேன்டஸி நாவல் என்றாலே அரசன் கூட்டத்தில் ஒரு தலை உயர்ந்து நிற்பான், அவனைப் பார்த்ததுமே மற்றவர்கள் வழிவிடுவார்கள், இது அந்த வகைக் கதைகளின் ஊறிப்போன பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு இந்தப் புத்தகத்தைத்தான் எல்லாரும் கைகாட்டுவார்கள். படித்து முடித்தபின் எனக்குத் தோன்றுவது, அந்தப் பழக்கத்தை இவ்வளவு முழுமையாக ஏற்றுக்கொண்டு, அப்புறம் இவ்வளவு பொறுமையாகக் கழற்றிப் போட்ட புத்தகம் வேறு எதுவும் நான் படித்ததில்லை.

முதலில் உயரமானவர்களைப் பார்ப்போம். எலெண்டில் என்ற பழைய பேரரசனுக்குப் பட்டப்பெயரே நெட்டையன் என்றுதான். டோல்கீன் இறந்தபின் அவர் மகன் கிறிஸ்டோபர் 1980-இல் வெளியிட்ட தொகுப்பில் எலெண்டிலின் தாய்நாடான நூமெனோர் மக்களின் நீட்டலளவைக்கே ஒரு குறிப்பு இருக்கிறது. ஒரு ராங்கா என்பது சுமார் 38 அங்குலம், இரண்டு ராங்கா சேர்ந்தால் 'ஓர் ஆள் உயரம்', அதாவது 6 அடி 4 அங்குலம். எலெண்டில் அதற்கும் மேலே ஏறத்தாழ அரை ராங்கா. கூட்டிப் பார்த்தால் எட்டடியைத் தொட்டுவிடுகிறது. எல்ஃப் இனத் தலைவி கலாட்ரியலும் அந்த ஆள் உயரம் இருந்தவள் என்று அங்கேயே வருகிறது. மூலக்கதைக்குள் வந்தால், முடிசூட்டு நாளில் பழைய அரச வம்சத்து வாரிசான ஆரகார்ன் எழுந்து நிற்கும்போது அருகிலிருந்த அத்தனை பேரையும்விட உயர்ந்து, பழைய கடல் அரசர்களைப் போல நின்றான் என்று ஆசிரியரே சொல்கிறார். ஊரே அந்தக் கணத்தில்தான் அவனை முதல்முறை பார்ப்பதுபோல உணர்கிறது. உயரம் அங்கே அரசுரிமைக்குச் சாட்சி சொல்கிறது.

இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது கிடையாது. 1925-இலிருந்து 1945 வரை ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலத்துக்குப் பேராசிரியராக இருந்தவர், அந்த இலக்கியம் முழுக்க இதுதான் நிறைந்திருக்கிறது. பழைய ஆங்கிலக் காவியத்தின் நாயகன் பியோவுல்ஃப் கப்பலிலிருந்து இறங்குகிறான், கரையைக் காவல் காக்கும் வீரன் அவன் பெயரைக் கேட்பதற்கு முன்பே, இவ்வளவு பெரிய ஆளை நான் எங்குமே பார்த்ததில்லை, இவன் சாதாரண ஆள் இல்லை என்று கண்டுகொள்கிறான். 1066-இல் இங்கிலாந்தின் மேல் படையெடுத்து வந்த நார்வே அரசன் ஹரால்டுக்கு எவ்வளவு நிலம் தருவாய் என்று கேட்டபோது, ஏழடி மண், இல்லை அவன் மற்றவர்களைவிட எவ்வளவு உயரமோ அவ்வளவு கூடுதலாக என்று ஆங்கிலேய அரசன் பதில் சொன்னதாக ஐஸ்லாந்தின் பழங்கதையில் வருகிறது. டோல்கீன் வளர்ந்த நூலகம் இது. ஆகவே அவருடைய அரசர்கள் நெட்டையாக இருப்பதில் ஆச்சரியமில்லை, அவர் அந்த உயரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்பதுதான் விஷயம்.

கரத்ராஸ் மலைக் கணவாயில் பனி பெய்து, மோதிரத்தோடு போகிற ஒன்பது பேரும் மாட்டிக்கொள்கிற இடத்தை நிதானமாகப் படியுங்கள். கூட்டத்திலேயே உயரம் ஆரகார்ன், அவனைவிடக் கொஞ்சம்தான் குறைவு போரோமிர், ஆனால் அகலத்திலும் எடையிலும் அவனே பெரியவன் என்று ஒரு வாக்கியத்தில் இருவரையும் அளந்து வைத்துவிடுகிறார். அப்புறம் அந்த இரண்டு பேரும் நெஞ்சளவு பனிக்குள் இறங்கி உடம்பாலேயே வழி வெட்டுகிறார்கள். திரும்பி வந்து ஹாபிட்டுகளை முதுகில் சுமந்து கீழே கொண்டுபோகிறார்கள். யோசனை போரோமிருடையது, முன்னால் போய்ப் பனியைப் பிளந்தவனும் அவன்தான். உயரம் தலைவனுக்கு எதற்கு என்று கேட்டால் இந்தக் கதையில் கிடைக்கிற முதல் நேரடியான பதில் இது, குட்டையானவர்களைத் தூக்கிக்கொண்டு போவதற்கு. அதே போரோமிர்தான் பின்னால் ஃப்ரோடோவிடமிருந்து மோதிரத்தைப் பறிக்கப் பாய்கிறான். இருவருக்கும் நடுவே அங்குலக் கணக்கில்தான் வித்தியாசம், இருவரும் படை நடத்தப் பிறந்தவர்கள், ஒருவன் மோதிரத்தை எட்டவே நிற்க விடுகிறான், மற்றவன் கை நீட்டுகிறான். போரோமிரை ஆசிரியர் அதோடு கைவிடவில்லை என்பது எனக்கு மிகவும் பிடிக்கும், அவன் மெர்ரி, பிப்பின் என்ற இரண்டு ஹாபிட்டுகளைக் காப்பாற்ற நின்று அம்புகளை வாங்கிச் சாகிறான்.

உயரம் இந்தப் புத்தகத்தில் நிலையான அளவும் கிடையாது, இதை நான் முன்பு இவ்வளவு கவனிக்கவில்லை. ஆட்கள் கண்ணெதிரே வளர்கிறார்கள், சுருங்குகிறார்கள். ஃப்ரோடோவுக்கு முன் மோதிரத்தை வைத்திருந்த பில்போ அதைக் கொடுக்க மறுக்கும்போது மந்திரவாதி கண்டால்ஃபின் நிழல் அந்தச் சின்ன அறையை நிரப்புகிறது. இத்தனைக்கும் ரிவென்டெல் விருந்தில் எல்ஃப் பிரபுக்களான எல்ரோண்டும் குளோர்ஃபிண்டெலும் உட்கார்ந்திருக்கும்போது மூவரில் கண்டால்ஃப்தான் குள்ளம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. தியோடென் அரசர் முதலில் வரும்போது கூனிக் குறுகி ஒரு குள்ளரைப் போல் தெரிகிறார், பொய்யான ஆலோசனையிலிருந்து விடுபட்டதும் நிமிர்ந்து நெடிய ஆளாக நிற்கிறார். அவர் வயது குறையவில்லை, வேறு ஒருவன் குரலில் பேசுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். எமின் முயில் பாறைகளில், முன்பு மோதிரத்தை வைத்திருந்து கெட்டுப்போன கொல்லம் என்பவனும் ஃப்ரோடோவும் எதிரெதிரே இருக்கும்போது ஃப்ரோடோவின் தோட்டக்காரன் சாமின் கண்ணுக்கு ஃப்ரோடோ ஒரு நெடிய, கடுமையான நிழலாகவும், கொல்லம் அவன் காலடியில் முனகுகிற சிறு நாயாகவும் ஒரு கணம் தெரிகிறார்கள். அந்த இடம் எனக்குப் பெருமையாக இல்லை, பயமாக இருந்தது. ஃப்ரோடோ அங்கே பிரமாண்டமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அவன் கழுத்தில் தொங்குவது.

இதையெல்லாம் முடிச்சுப் போடுகிற இரண்டு காட்சிகள் இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவே ஐநூறு பக்கம் இடைவெளி, அதனால் பலர் சேர்த்துப் படிப்பதில்லை. ஒன்று, கலாட்ரியலிடம் ஃப்ரோடோ மோதிரத்தைத் தர முன்வருவது. அவள் அளக்க முடியாத உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறாள், அழகு, அச்சம் இரண்டும் சேர்ந்து, அப்புறம் கையை இறக்குகிறாள், சிரிக்கிறாள், சாதாரண வெள்ளுடை உடுத்திய ஒல்லியான பெண்ணாகிவிடுகிறாள். சோதனையில் தேறினேன், குறைந்துபோகிறேன் என்று அவளே சொல்லிக்கொள்கிறாள். மற்றொன்று, சாம் சௌரானின் நாடான மோர்டோர் எல்லையில் மோதிரத்தோடு தனியாக நிற்பது. எரியும் வாளோடு படைகளை நடத்திப் போகிற மாவீரன் சாம், பாலைவனம் முழுக்கத் தோட்டமாவது, எல்லாம் அவனுக்குக் காட்சியாக வருகிறது. அவனைக் காப்பாற்றுவது ஃப்ரோடோ மேலிருந்த அன்பு, கூடவே ஒரு எளிய ஹாபிட் புத்தி: இவ்வளவு பெரிய சுமையைத் தாங்குகிற அளவு நான் பெரிய ஆள் இல்லை. தன் கையால் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்னத் தோட்டம் போதும், அடுத்தவர் கையை ஏவி வேலை வாங்கும் ராஜ்ஜியம் வேண்டாம். கலாட்ரியல் வானளவு வளர்ந்துவிட்டு இறங்கி வந்த முடிவுக்கு இந்தத் தோட்டக்காரன் தன் அளவிலேயே நின்று வந்து சேர்கிறான். தலைமை பற்றி ஃபேன்டஸியில் நான் படித்த மிக நல்ல பக்கம் அதுதான்.

இறங்கி வர மறுத்தவர்களுக்கு ஆசிரியர் என்ன செய்கிறார் தெரியுமா. சௌரான் வீழும்போது வானத்தை மறைக்கிற பிரமாண்டமான நிழல் எழுந்து கையை நீட்டுகிறது, ஒரு காற்று அடிக்கிறது, கலைந்துபோகிறது. கெட்டுப்போன மந்திரவாதி சாருமான் செத்தபோதும் அதே மாதிரி ஒரு சாம்பல் நிற உருவம் குன்றின் மேல் உயர்ந்து நிற்கிறது, அதே மாதிரிக் காற்று வந்து அதைக் கலைக்கிறது.

அடுத்தது பெலன்னோர் போர்க்களம். மெர்ரி குள்ளமாக இருக்கிறான், இந்த வேகத்தில் போகும் குதிரைப்படையோடு அவன் வர முடியாது என்று தியோடென் அன்பாகவே விட்டுவிட்டுப் போகிறார். அவர் தங்கை மகள் எயோவினையும் ஊரைப் பார்த்துக்கொள் என்று விட்டுவிடுகிறார்கள். அவள் ஆண்வேடம் போட்டு மெர்ரியைத் தன் குதிரையில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போகிறாள். சௌரானின் படைத்தலைவனான ஆங்மாரின் சூனிய அரசன் எதிரே நிற்கும்போது மெர்ரியின் கத்தி எங்கே இறங்குகிறது என்று பாருங்கள்: பின்பக்கமாக வந்து, கவசத்தின் கீழ் விளிம்புக்கு உள்ளே புகுந்து, முழங்காலுக்குப் பின்னாலிருக்கும் தசைநாரில். நான்கடி ஆள் நின்ற வாக்கில் எட்டக்கூடிய இடம் அது. அந்தச் சிறு வாளோ பல நூற்றாண்டுக்கு முன் அதே ஆங்மாரை எதிர்த்துச் செய்யப்பட்டது. சூனிய அரசன் மண்டியிட்டு முன்னால் சாய்கிறான், அவன் தலை இருக்க வேண்டிய இடத்தில், கிரீடத்துக்குக் கீழே, எயோவின் வாளைச் செருகுகிறாள். எந்த ஆண்மகனாலும் வீழ்த்த முடியாது என்று சொல்லப்பட்டவன் படையில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட இரண்டு பேரிடம் விழுகிறான்.

இனி ஹாபிட்டுகளின் நாடான ஷையர். ஹாபிட்டுகளின் உயரத்தை முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார், இரண்டடியிலிருந்து நான்கடி வரை. அவர்களுக்குள்ளும் உயரத்துக்கு மரியாதை உண்டு, பாண்டோப்ராஸ் டூக் என்ற பழைய வீரன் 4 அடி 5 அங்குலம் இருந்தான், குதிரையில் ஏறுவான் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். மெர்ரியும் பிப்பினும் எண்ட்டுகள் என்ற மரமனிதர்கள் கொடுத்த பானத்தைக் குடித்து அவனையும் மிஞ்சிவிடுகிறார்கள், இருக்க வேண்டியதைவிட மூன்று அங்குலம் கூடியிருக்கிறீர்களே என்று சாம்தான் முதலில் கண்டுபிடிக்கிறான். ஊருக்குத் திரும்பி ரவுடிகளை விரட்டுகிற பைவாட்டர் சண்டையை நடத்துவது வளர்ந்து வந்த அந்த இருவர்தான், கவசமும் வாளுமாக. பத்தொன்பது ஹாபிட்டுகள் சாகிறார்கள், எதிர்ப்பக்கம் ஏறக்குறைய எழுபது பேர். ஃப்ரோடோ வாளையே உருவவில்லை. ஆயுதத்தைக் கீழே போட்டவர்களைக் கோபத்தில் கொன்றுவிடாமல் தன் ஆட்களைத் தடுப்பதுதான் அன்றைக்கு அவன் செய்த வேலை. அன்று அந்த வேலையை வேறு யாரும் செய்திருக்க முடியாது.

பிறகு யாருக்கு என்ன பதவி? மெர்ரிக்கு பக்லாண்டின் தலைமை, பிப்பினுக்கு தெய்ன் பதவி, இரண்டும் குடும்ப வழியாக வருகிறவை, இரண்டும் வளர்ந்த இருவருக்கு. மேயர் மட்டும்தான் தேர்தல் பதவி, ஏழு வருடத்துக்கு ஒருமுறை கோடைத் திருவிழாவில் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பதவிக்கு ஊர் சாமைத் தேர்ந்தெடுக்கிறது, ஒருமுறை இரண்டுமுறை இல்லை, தொடர்ந்து ஏழு முறை. எந்தப் பானமும் குடிக்காத, ஒரு அங்குலமும் வளராத தோட்டக்காரன் 49 வருடம் மேயர். இந்த விவரம் கதைக்குள் விரிவாக வராது, பின்னிணைப்பின் காலவரிசையில் வெறும் ஆண்டுக்குறிப்பாகக் கிடக்கிறது. சாமைப் பற்றி ஒரு விஷயம்: 1914 போரில் தான் பார்த்த சாதாரணச் சிப்பாய்களின் சாயல்தான் அவன், அவர்கள் தன்னைவிட உயர்ந்தவர்கள் என்று டோல்கீனே சொல்லியிருக்கிறார். அவர் 1916-இல் சோம் போர்முனையில் லங்காஷையர் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவில் இளம் அதிகாரி. அந்தப் படைப்பிரிவிலேயே வேறு சில பட்டாலியன்கள் 5 அடி 3 அங்குலத்துக்குக் குறைந்த ஆட்களுக்காகவே திரட்டப்பட்டவை, உயரம் போதாது என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், பான்டம் பட்டாலியன் என்பார்கள். ஹாபிட் அதிலிருந்து வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உயரத்தை அளந்து ஆளை எடுக்கும் ஒரு ராணுவத்துக்குள் இருந்தவர் எழுதிய கதை இது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் மெர்ரி பின்தங்கிய காட்சி இன்னும் கனமாகிறது.

குறையையும் சொல்ல வேண்டும், பெரிய குறைதான். உயரம் இங்கே ரத்தத்தோடு வருகிறது. நூமெனோர் வம்சம் கலக்கக் கலக்க ஆயுளும் குறைந்தது, உயரமும் குறைந்தது, மாண்பும் குறைந்தது என்கிற எண்ணம் புத்தகம் முழுக்க ஓடுகிறது. சௌரானின் படையாட்களான ஓர்க்குகள் பெரும்பாலும் குட்டை, வளைந்த கால், நீண்ட கை. நெடிய உடம்பு, வெளுத்த முகம், உயர்ந்த குலம் மூன்றும் ஒன்றாகவே நடந்து வருகின்றன. பிறப்பைப் பார்த்து ஆளை அளக்கிற கொடுமையை நன்றாகத் தெரிந்த நம்மைப் போன்ற வாசகர்களுக்கு அது உறுத்தத்தான் செய்யும், உறுத்த வேண்டும். ஹாபிட்டுகள் அந்த அடுக்கைத் தலைகீழாக்குகிறார்கள் என்பது உண்மை, ஆனால் கடைசியில் அடுக்கு அப்படியே இருக்கிறது, மேலே அரசன் வந்து உட்கார்கிறான். கோர்மல்லன் வெளியில் அந்த அரசன் ஃப்ரோடோவுக்கும் சாமுக்கும் முன்னால் முழங்காலை மடக்கி, இருவரையும் கைப்பிடித்து அழைத்துப்போய்த் தன் சிம்மாசனத்தில் உட்காரவைக்கிறான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அங்கே தொண்டை அடைக்கும். இரண்டு உணர்வையும் சேர்த்தே சொல்கிறேன், ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க எனக்கு மனமில்லை.

படம் பார்த்தது போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2001-இலிருந்து 2003 வரை வந்த பீட்டர் ஜாக்சனின் மூன்று படங்களும் உயரத்தைக் காட்டுவதில் பெரிய சாதனை, ஒரே வீட்டை இரண்டு அளவில் கட்டினார்கள், குள்ளமான மாற்று நடிகர்களை வைத்தார்கள், கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவரும் தூரத்தில் ஒருவருமாக உட்காரவைத்து ஏமாற்றினார்கள். குள்ளர் இனத்துக் கிம்லியாக நடித்த ஜான் ரைஸ் டேவிஸ் ஆறடிக்கு மேல். இவ்வளவு நுணுக்கம் இருந்தும் படத்தில் உயரம் கண்ணுக்குத் தெரிகிற அளவாகவே நின்றுவிடுகிறது. சாம் தன்னைத்தானே அளந்துகொள்கிற அந்தப் பக்கத்தைப் படம் பிடிக்க முடியாது. ஷையர் சண்டை முழுசாகவே படத்தில் இல்லை, அதனால் மெர்ரியும் பிப்பினும் தலைவர்களாக நடந்துகொள்கிற ஒரே இடம் போய்விட்டது.

பதிப்பு பற்றி. ஒரே தொகுதி வசதிதான், முன்னும் பின்னும் புரட்டி ஒப்பிட்டுப் படிக்க இதைவிட நல்லது இல்லை, நான் மேலே சொன்ன எல்லாமே அப்படிப் புரட்டியதில் கிடைத்தவை. ஆனால் கனம் கை வலிக்கும், படுத்துக்கொண்டு படிக்க முடியாது. என்னிடமிருக்கும் பிரதியில் தாள் மெல்லிசு, மறுபக்க எழுத்து மங்கலாகத் தெரிகிறது, வரைபடம் சுருங்கிச் சில ஊர்ப்பெயர்களைப் படிக்கவே முடியவில்லை, நடுப்பகுதியில் ஒட்டு கொஞ்சம் விட்டுவிட்டது. வாங்கும்போது முதுகு ஒட்டை நன்றாகப் பார்த்து வாங்குங்கள், முடிந்தால் கெட்டி அட்டை. மொழியைப் பொறுத்தவரை முதல் நூறு பக்கம் மெதுவாகத்தான் போகும், அதுவும் பழைய நடை ஆங்கிலம் பழக்கமில்லை என்றால் இன்னும் மெதுவாக. பாட்டுகள் வரும் இடங்களைத் தாண்டிப் போனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். டாம் பாம்படில் வருகிற பகுதியில் நிறையப் பேர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள், மூடாதீர்கள், மெர்ரியின் வாள் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

பழைய புத்தகக் கடையில் வாங்குவதாக இருந்தால் கடைசிப் பக்கங்களைத் திறந்து பின்னிணைப்புகள் முழுசாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 1968-இல் வந்த முதல் ஒற்றைத் தொகுதி பேப்பர்பேக்கில் ஆரகார்ன்–ஆர்வென் கதை தவிர மற்றவற்றை விட்டுவிட்டார்கள். அந்தப் பிரதி கையில் கிடைத்தால் சாம் ஏழு முறை மேயரானது தெரியாது, டாயினைப் பற்றியும் தெரியாமல் போகும். டாயின் குள்ளர் அரசன், 32 வயதில், அவர்கள் கணக்கில் சிறுபையன், ஓர்க் தலைவன் அசோக்கை வெட்டியவன். 252 வயதில், குள்ளர்களின் மலையான எரெபோர் வாசலில், செத்துக் கிடந்த மனித அரசன் பிராண்டின் உடலுக்கு மேல் நின்று, இருட்டும்வரை கோடரியோடு யாரையும் நெருங்க விடாமல் போராடி விழுந்தான். இதெல்லாம் குள்ளர்களைப் பற்றிய பின்னிணைப்பில் ஒரு பத்தியாகவும், காலவரிசையில் சில வரியாகவும் இருக்கிறது, அங்கிருந்து படிக்கத் தொடங்கினாலும் தப்பில்லை.